மிச்சிகனில் வீடு வாங்கப் போகிறீர்களா? விற்பவரின் வரி ரசீதை நம்பாதீர்கள்

டெட்ராய்ட் பக்கம் வேலை கிடைத்து வரும் நம்மவர்கள் முதலில் அபார்ட்மெண்ட், அப்புறம் கார், இரண்டு மூன்று வருடத்தில் வீடு என்றுதான் போகிறார்கள். ஃபார்மிங்டன் ஹில்ஸ், நோவை, கேன்டன், ட்ராய் என்ற நான்கு பெயர்களும் வந்த வாரத்திலேயே காதில் விழுந்துவிடும். சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு இதற்கெல்லாம் உங்கள் அலுவலகத்திலேயே வழி சொல்வார்கள். டிரைவிங் லைசென்ஸுக்கு மற்ற மாநில நண்பர்கள் டிஎம்வி என்பார்கள், இங்கே அந்த வேலையைச் செய்வது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம்.

கார் இன்சூரன்ஸ் விலையைப் பார்த்து முதல் மாதம் எல்லோருமே அதிர்ந்துபோவோம். 1973 முதல் இங்கே நோ-ஃபால்ட் முறை, அதாவது யார் மேல் தப்பென்றாலும் உங்கள் மருத்துவச் செலவை உங்கள் இன்சூரன்ஸே கொடுக்கும். 2020 ஜூலைக்கு முன் அந்த மருத்துவக் காப்பு வரம்பில்லாததாகவே இருந்தது, இப்போது தொகையை நாமே தேர்ந்தெடுக்கலாம். பிரீமியம் குறைகிறதே என்று அடிமட்டத் தொகையை எடுக்காதீர்கள், இங்கே ஆஸ்பத்திரி பில் என்ன வரும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. டெட்ராய்ட் நகர எல்லைக்குள் அலுவலகம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் 1.2 சதவீதம் நகர வருமான வரி உண்டு, உள்ளேயே குடியிருந்தால் 2.4.

சரி, வீட்டுக்கு வருவோம். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்கள் வட்டத்தில் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர், மறைமலை நகரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர், எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர். ஊரில் வில்லங்கம், மூலப் பத்திரம், வரி ரசீது பார்ப்பது போல இங்கேயும் எல்லாம் பார்த்தார். விற்றவர் கட்டிய சொத்து வரி ரசீதை வாங்கி, அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, கடன் தவணையோடு கூட்டி, மாதம் இவ்வளவு, நம்மால் முடியும் என்று முடிவு செய்தார். ரியல்டர், அதாவது வீட்டுத் தரகர், பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது: எஸ்க்ரோ கணக்கில், அதாவது சொத்து வரி கட்டுவதற்காக வங்கி தவணையோடு சேர்த்து வசூலித்து வைக்கும் கணக்கில், பற்றாக்குறை, மாதத் தவணை கூடுகிறது. முதலில் மோசடிக் கடிதம் என்றே நினைத்தார். நகராட்சிக்குப் போன் செய்தபோது, ‘நீங்கள் வாங்கியதால் வரி ஏறியிருக்கிறது, விதிப்படி சரிதான்’ என்றார்கள். அந்த வருடம் ஊருக்குப் போக ஒதுக்கி வைத்திருந்த டிக்கெட் பணம் மொத்தமும் அதிலேயே போயிற்று, அண்ணி தன் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை வீடியோவில்தான் பார்த்தார். அந்த ரியல்டருக்கு இந்த விதி தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

விஷயம் இதுதான். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மதிப்பு உண்டு. எஸ்இவி என்பது சந்தை விலையில் பாதி. டாக்ஸபிள் வேல்யூ என்பது வரி போடப்படும் மதிப்பு. ஒருவர் வீட்டை வைத்திருக்கும் வரை, புதிதாக எதுவும் கட்டாவிட்டால், இரண்டாவது மதிப்பு வருடத்துக்கு 5 சதவீதம் அல்லது பணவீக்கம், இதில் எது குறைவோ அதற்கு மேல் ஏறக்கூடாது. வீடு கைமாறினால் அந்த மூடி திறந்துவிடும். அடுத்த ஆண்டு டாக்ஸபிள் வேல்யூ எஸ்இவிக்குச் சமமாகிவிடும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: 5 லட்சம் டாலர் வீட்டின் எஸ்இவி 2.5 லட்சம். விற்பவர் 2011-இல் வாங்கியவர், அவருடைய டாக்ஸபிள் வேல்யூ 1.2 லட்சம் என்று வையுங்கள். ஊரின் வரி விகிதம் 40 மில், அதாவது ஆயிரத்துக்கு 40 டாலர் என்றால் அவர் கட்டுவது 4,800. நீங்கள் கட்டப்போவது 10,000. பழைய தொகையை வைத்தே வங்கி உங்களிடம் வசூலித்திருந்தால், விடுபட்டதையும் இனி வரப்போவதையும் சேர்த்து மாதத் தவணை 800 டாலருக்கு மேல் கூடலாம்.

ஏன் இப்படி ஒரு விதி என்று கேட்டால் இந்த மாநிலத்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொள்வதும் நல்லது, நாம் பிள்ளைகளை வளர்க்கப்போகும் ஊர் இது. 1914-இல் ஹென்றி ஃபோர்டு ஒரு நாளைக்கு 5 டாலர் சம்பளம் என்று அறிவித்த இடம். 1936 கடைசியில் ஃப்ளின்ட் நகரத் தொழிலாளர்கள் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து, 44 நாள் நகராமல், சங்கத்துக்கு அங்கீகாரம் வாங்கிய இடம். ஆலைத் தொழிலாளி சொந்த வீடு கட்டி வாழ முடிந்தது இந்தப் போராட்டங்களால்தான், அதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அந்த வீடு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. டெட்ராய்டில் எய்ட் மைல் ரோடு அருகே பர்வுட் என்ற தெருவை ஒட்டி அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் இருக்கிறது, ஆறடி உயரம். 1941-இல் கட்டியது. வெள்ளையர்களுக்கென்று புது வீடுகள் கட்ட நினைத்த ஒருவர், கறுப்பின மக்கள் குடியிருப்பிலிருந்து பிரித்துச் சுவர் எழுப்பிய பிறகுதான் அந்த வீட்டுக் கடன்களுக்கு அரசு உத்தரவாதம் கிடைத்தது. சுவரின் ஒரு பகுதியில் இப்போது அந்தப் பகுதி மக்களே வண்ண ஓவியம் வரைந்திருக்கிறார்கள், மற்ற இடங்களில் வெறும் காங்கிரீட், வீடுகளின் கொல்லைப்புறம் வழியாகப் போகிறது. ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். ஊரும் சேரியும் என்று பிரித்து வைத்த மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம், அந்தச் சுவரை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆலைகளும் வெள்ளையர்களும் புறநகருக்குப் போகப் போக, 1967 ஜூலைக் கலவரத்தில் 43 பேர் இறந்த பிறகு அது இன்னும் வேகமாகி, 1950-இல் 18.5 லட்சம் பேர் இருந்த டெட்ராய்டில் 2020-இல் 6.4 லட்சம்கூட இல்லை. நகரத்தையும் புறநகரையும் சேர்த்துப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கலக்க வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1974-இல் ஐந்துக்கு நான்கு என்று தோற்றது. எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளி நிர்வாகத்தின் கீழ் படிக்கும் என்று பிரிக்கும் பள்ளி மாவட்ட எல்லை அதோடு கெட்டியாகிவிட்டது. அப்போது வீட்டு வரிதான் பள்ளியின் முக்கிய வருமானம் என்பதால் பணக்கார ஊருக்கு நல்ல பள்ளி, ஏழை ஊருக்கு வரியும் அதிகம், பள்ளியும் மோசம். 1993 மார்ச்சில் வடக்கே கல்காஸ்கா என்ற ஊரில் பணம் தீர்ந்து, கல்வி ஆண்டு முடியும் முன்பே பள்ளிகளை மூடிவிட்டார்கள். அதே வருடம் கோடையில் சட்டமன்றம் பள்ளிகளை நடத்துவதற்கான சொத்து வரியையே ஒழித்தது, மாற்று ஏற்பாடு எதுவும் கையில் இல்லாமல். 1994 மார்ச் 15 அன்று மக்கள் வாக்களித்து வந்ததுதான் ப்ரொபோசல் ஏ: விற்பனை வரி 4-இலிருந்து 6 சதவீதம், பள்ளிப் பணத்தில் பெரும்பங்கு மாநிலத்தின் கையில், வீட்டு வரிக்கு நான் மேலே சொன்ன மூடி. பல வருடமாக ஒரே வீட்டில் இருப்பவர், விலை ஏறியதற்காக வீட்டை இழக்கக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தச் சலுகையின் சுமை புதிதாக வாங்குகிறவர் தலையில் விழுகிறது, புதிதாக வாங்குகிறவர்களில் நாமும் இருக்கிறோம். 2008-ஐ ஒட்டி வீட்டு விலை சரிந்தபோது டாக்ஸபிள் வேல்யூவும் சேர்ந்து சரிந்தது. அப்போது வாங்கியவர்கள் இன்று விற்கும்போது அவர்கள் ரசீதில் இருக்கும் தொகை உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத தொகை.

அதனால் விற்பவரின் ரசீதில் தொகையைப் பார்க்காதீர்கள், எஸ்இவி எவ்வளவு, அந்த ஊரின் மில் எவ்வளவு என்று பார்த்து நீங்களே பெருக்குங்கள். மாநிலக் கருவூலத்தின் இணையதளத்தில் இதற்கென்றே கணக்குக் கருவி இருக்கிறது. கடன் கொடுப்பவரிடம் இந்தப் புதுத் தொகையை வைத்து எஸ்க்ரோ போடச் சொல்லுங்கள், மறுத்தால் வித்தியாசத்தை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். புத்தம் புது வீடு என்றால் இன்னும் கவனம், டிசம்பர் 31 அன்று இருந்த நிலையை வைத்துத்தான் அடுத்த வருட வரி, ஆகவே முதல் ரசீது வெறும் மனைக்கான வரியாக இருக்கலாம்.

குடியேறியதும் 2368 என்ற படிவத்தை நகராட்சியிலோ டவுன்ஷிப்பிலோ கொடுங்கள். சொந்தக் குடியிருப்புக்கான விலக்கு அது, இல்லாவிட்டால் பள்ளிக்கென்று 18 மில் வரை கூடுதலாக விழும், நான் சொன்ன உதாரணத்தில் வருடத்துக்கு 4,500 டாலர். கோடை வரிக்கு ஜூன் 1, குளிர்கால வரிக்கு நவம்பர் 1 கடைசி நாள். கைமாற்றத்தைத் தெரிவிக்கும் எல்-4260 படிவத்துக்கு 45 நாள். பத்திரம் முடிக்கும் இடத்திலேயே இரண்டையும் அனுப்பிவிடுவதாகச் சொல்வார்கள், போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள்.

பள்ளிக்காக வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: ஊர்ப் பெயரும் பள்ளி மாவட்டமும் ஒன்றல்ல. நோவை என்று முகவரி இருக்கும், பள்ளி நார்த்வில்லோ வால்ட் லேக்கோ ஆக இருக்கும். ட்ராய்க்குள்ளும் இப்படித்தான். விளம்பரத்தை நம்பாமல் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் அந்தக் கதவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி வாக்கில் மதிப்பீட்டு நோட்டீஸ் தபாலில் வரும், விளம்பரத் தாள் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எஸ்இவி சந்தை விலையில் பாதிக்கு மேல் போயிருந்தால், பக்கத்தில் விற்ற வீடுகளின் விலையை எடுத்துக்கொண்டு மார்ச் மாதம் கூடும் போர்டு ஆஃப் ரிவ்யூவில் முறையிடலாம். வக்கீல் தேவையில்லை. தேதி நோட்டீஸிலேயே இருக்கும், பனி கொட்டினாலும் அன்றைக்குப் போய்விடுங்கள்.