ஸ்ட்ரைக்கர் ஓடுகிறார், பந்து வரவில்லை

மூன்று வாரமாக ஒரே தலைவலி. எங்கள் ஏரியா கால்பந்து அணியின் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்கள வீரர்) எதிரணி டிஃபெண்டர்களைத் தாண்டி ஓடுவார். பந்து தாமதமாக வரும், இல்லையென்றால் ஆஃப்சைடு (பாஸ் அடிக்கும் முன்பே கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிற்கும் தவறு) கொடி ஏறும். நடுக்களத்தில் ஆடும் எனக்குத்தான் திட்டு.

பாஸை வேகமாக அடித்தேன். கோல்கீப்பர் கைக்குப் போனது. ஸ்ட்ரைக்கரைத் தாமதமாக ஓடச் சொன்னோம், டிஃபெண்டர் முந்திக்கொண்டார்.

மொபைலில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டியபோதுதான் பிடிபட்டது. பந்து என்னிடம் வரும்போது எதிரணி கோலுக்கு முதுகு காட்டி நிற்கிறேன். ஸ்ட்ரைக்கரோ அந்த நொடியே கிளம்பிவிடுகிறார். நான் திரும்பித் தலை நிமிர்வதற்குள் கடைசி டிஃபெண்டரைத் தாண்டிவிடுகிறார். ஆஃப்சைடு பார்ப்பது பாஸ் அடிக்கும் கணத்தில்தானே!

இப்போது நான் திரும்புவதே இல்லை. பின்னாலிருந்து கோலைப் பார்த்தபடி வருபவருக்கு ஒரே தொடுதலில் தட்டிவிடுகிறேன். அவர் பந்தைக் காலுக்கு முன்னால் லேசாகத் தள்ளுவதுதான் ஸ்ட்ரைக்கருக்குச் சிக்னல். 1998 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக நெதர்லாந்து வீரர் பெர்காம்ப் அடித்த கோலைப் பாருங்கள்; நீண்ட பாஸ் கொடுத்த ஃப்ராங்க் டி போர் தலை நிமிர்ந்து பார்த்துத்தான் அடித்தார்.

போன ஞாயிறு இப்படியே இரண்டு கோல். கொடி ஒரு முறைதான் ஏறியது, அதுவும் என் அவசரத்தால்.