சர்வர் விசிறி இரைகிறதா? ஒரு சொட்டு எண்ணெய் போதும்

பழைய சர்வர் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டியின் விசிறி கரகரத்தால், நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து, தண்டின் மேல் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தண்டு சுழலும் உலோகக் குழலான புஷ்ஷில் எண்ணெய் வற்றி, தண்டு உலோகத்தில் உரசுவதுதான் அந்த இரைச்சல். புது எண்ணெய் இரண்டுக்கும் நடுவே படலமாக நிற்கும். கிரானைட் தூசி பறக்கும் கிருஷ்ணகிரியில் முதலில் தூரிகையால் தூசியைத் தட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அரை மணி நேரம் பொறுத்துத் திறந்தாலும் போர்டில் விரல் படக் கூடாது. புஷ்ஷுக்குப் பதில் சிறு உலோக உருண்டைகள் மேல் சுழலும் பால் பேரிங் விசிறிக்கோ, இறக்கை உடைந்ததற்கோ இது உதவாது. அதே அளவு, அதே வோல்டேஜில் வேறு விசிறி மாற்றுங்கள்.