பார்மலின் பாட்டிலைத் தள்ளி வையுங்கள்

நகரியில் ஒரு சின்ன லேபில் மலப் பரிசோதனை பார்க்கிறேன். "சுரைக்காய் விதை மாதிரி வெள்ளையா போகுதும்மா" என்று தமிழிலும் "பத்தெ புருகு" என்று தெலுங்கிலும் வந்து சொல்வார்கள். நாடாப்புழுதான். மாட்டுக்கறியில் வந்ததா, பன்றிக்கறியில் வந்ததா என்பதுதான் கேள்வி. பன்றி வகையின் முட்டை வாய்க்குள் போனால் இளம்புழு மூளையில் போய்த் தங்கி வலிப்பு வரவைக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு முட்டையும் ஒரே அச்சு. அதனால்தான் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை.

ஒருமுறை தறிக்காரர் ஒருவர் கொண்டுவந்த புழுத்துண்டைப் பழக்கதோஷத்தில், மாதிரி கெடாமல் இருக்க லேபில் ஊற்றும் பார்மலினில் போட்டுவிட்டேன். பார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். பிசிஆரில் ஒன்றும் எழும்பவில்லை. அவரோ அதற்குள் மாத்திரை போட்டு முடித்துவிட்டார். வேறு மாதிரிக்கு எங்கே போவது?

சரி, செய்முறைக்கு வருவோம். கையுறை கட்டாயம். மருந்து கொடுப்பதற்கு முன்பே மலத்தை வாங்கிவிடுங்கள். ஒரு பங்கு மலத்துக்கு மூன்று பங்கு எத்தனால், 70 சதவீதத்துக்குக் குறையாமல். புழுத்துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். உப்புநீரில் அலசி, நாடாவில் ஒரு கணுவை (ஒரு கட்டத்தை) எத்தனாலில் போடுங்கள். இன்னொன்றை இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் அழுத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். கணுவுக்குள் தெரியும் புழுவின் கருப்பையில், நடுத்தண்டிலிருந்து ஒரு பக்கம் பிரியும் கிளைகளை எண்ணவேண்டும். பத்துக்குக் கீழே என்றால் பன்றி. பதினைந்தைத் தாண்டினால் மாடு. 12, 13 என்று வந்தால் நான் வாயே திறக்கமாட்டேன்.

பிசிஆரில் பார்ப்பது மைட்டோகாண்ட்ரியாவின் காக்ஸ்1 ஜீன். ஒரு செல்லிலேயே அதற்கு நிறைய நகல் உண்டு, அதனால் மாதிரி கொஞ்சமாக இருந்தாலும் சிக்கும். ஒரே ஓட்டத்தில் பல வகைகளையும் தேடும் மல்டிபிளெக்ஸ் முறையில், டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் மாட்டு வகைக்கு 827, பன்றி வகையின் ஆசிய ரகத்துக்கு 984 பேஸ் பேர் (டிஎன்ஏ நீளத்தின் அலகு) அளவில் பட்டை விழும்.

மலத்தில் நேரடியாகச் செய்வதுதான் தலைவலி. முட்டை ஓடு கல் மாதிரி. சின்ன மணிகளோடு போட்டு அடித்து உடைத்தால்தான் டிஎன்ஏ வெளியே வரும். பித்த உப்பு வேறு பிசிஆரைத் தடுக்கும். நெகட்டிவ் வந்தால் உடனே நம்பாமல், எடுத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து இன்னொரு தடவை ஓட்டுங்கள். மலத்தில் புழுவின் புரதப் பொருளைத் தேடும் ஆன்டிஜென் எலிசா சோதனை பார்மலினையும் தாங்கும், ஆனால் மாடா பன்றியா என்று பிரித்துச் சொல்லாது.

அப்புறம், லேபிளைப் பென்சிலால் எழுதுங்கள். எத்தனால் பட்டால் பேனா மை கரைந்து ஓடிவிடும்.