பட்டாவில் புஞ்சை, வரைபடத்தில் மஞ்சள்: உங்கள் ஊர் நிலம் எந்த மண்டலம் என்று பார்ப்பது எப்படி?

சேலம் பக்கம், அயோத்தியாப்பட்டணம் தாண்டி எங்கள் தோட்டம். அதற்குத் தெற்கே ஒரு பெரிய மாந்தோப்பு இருந்தது. ஒரு வருஷம் ஆனியில் காய் இறக்கி முடித்த கையோடு ஜேசிபி வந்தது. ஆடியில் செம்மண் ரோடு, ஆவணியில் மஞ்சள் அடித்த மனைக்கல். "பட்டாவில் புஞ்சை என்று இருக்கும்போது எப்படி மனை போட முடியும்?" என்று சிட்டா நகலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் என் காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "இது எப்பவோ குடியிருப்பு மண்டலம் ஆயிடுச்சுங்களே" என்றார்.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வக்கீல் வேண்டாம். ஒரு செல்போனும், அலுவலகத்துக்கு இரண்டு மூன்று நடையும் போதும்.

படி 1: இரண்டு கணக்கு உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே நிலத்துக்கு அரசாங்கத்தில் இரண்டு கணக்கு. ஒன்று வருவாய்த் துறையுடையது: நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு. தீர்வை வசூலிக்க வந்த கணக்கு இது. நிலம் இன்றைக்கு என்னவாக இருக்கிறது, யார் பேரில் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும்.

இன்னொன்று நகர் ஊரமைப்புத் துறையுடையது. 1971-ம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் ஓர் ஊருக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போடும்போது நிலங்களைக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை என்று மண்டலமாகப் பிரிப்பார்கள். நாளைக்கு அந்த நிலம் என்னவாகலாம் என்பதைச் சொல்வது இந்தக் கணக்குதான்.

நீங்கள் குச்சிக்கிழங்கு போட்டிருக்கும் புஞ்சை, வரைபடத்தில் குடியிருப்பாக இருக்கலாம். அதனால் கிழங்கு போட யாரும் தடை சொல்லப் போவதில்லை. ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் மனை போட்டால் "விவசாய நிலம்" என்று தடுக்கவும் முடியாது. காவிரி டெல்டாவுக்கு 2020-ல் தனியாகப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. சேலம் அதில் இல்லை. நமக்கு இந்த வரைபடம்தான்.

படி 2: புல எண்ணும் புலப்படமும்

முதலில் தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையதளத்துக்குப் போய் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு கொடுங்கள். சிட்டா வரும். கூடவே அ-பதிவேட்டையும் (ஊரின் எல்லாப் புல எண்களும் உள்ள பட்டியல்) புலப்படத்தையும் (உங்கள் புல எண்ணின் அளவு வரைபடம்) எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட்.

புலப்படத்தைப் பார்த்ததும் பலர் மிரண்டுபோய் மூடிவிடுகிறார்கள். ஏணியும் முக்கோணமுமாகக் கோடு இருக்கும், மீட்டரில் எண் இருக்கும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது ஓடையும் வண்டிப்பாதையும். என் புலப்படத்தில் வடக்கெல்லையை ஒட்டி இரண்டு இணைகோடு வளைந்து வளைந்து போகிறது. நேரில் அங்கே சீமைக்கருவேல் புதரும் காய்ந்த பள்ளமும்தான். ஆனால் ஐப்பசி மழையில் சேர்வராயன் மலை அடிவாரத்துத் தண்ணீர் அந்தப் பள்ளத்தில்தான் வந்து, ஏரிக்குப் போகிறது. அ-பதிவேட்டில் அதற்குத் தனிப் புல எண், "ஓடை புறம்போக்கு" என்று. இப்படி உங்கள் நிலத்தைச் சுற்றியுள்ள ஓடை, ஏரி, மேய்க்கால், மந்தைவெளி, வண்டிப்பாதை எல்லாவற்றின் புல எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் மனு எழுதும்போது வேறு எதையும்விட இந்த நோட்டுதான் உதவும்.

மந்தைவெளி, மேய்க்கால் போன்ற ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. ஏரிக்கு 2007-ம் ஆண்டின் தனிச் சட்டமே உண்டு. இவை எந்த மண்டலத்தில் இருந்தாலும் யாரும் மனையாக்க முடியாது.

படி 3: உங்கள் கிராமம் திட்டப் பகுதிக்குள் இருக்கிறதா?

மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கிராமத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். திட்டப் பகுதிக்குள் என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

வெளியே என்றால் மண்டல வரைபடமே இருக்காது. அதற்காக யாரும் எதுவும் செய்யலாம் என்று அர்த்தம் இல்லை. அங்கே விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற 2017-ல் தனி விதிகள் வந்தன. உள்ளாட்சியில் விண்ணப்பித்து, நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வாங்க வேண்டும். நஞ்சை என்றால் கோப்பு கலெக்டர் வரை போகும், வேளாண் துறையின் கருத்தும் கேட்பார்கள். "பஞ்சாயத்து அப்ரூவ்டு மனை" என்று பேருந்து நிலையத்தில் நோட்டீஸ் கொடுக்கிறார்களே, ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் அதை மனைப்பிரிவு ஒப்புதல் என்று நம்ப வேண்டாம்.

படி 4: வரைபடத்தை வாசிப்பது

நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வேளாண்மைக்குப் பச்சை என்பது வழக்கம். வழக்கத்தை நம்பாமல் ஓரத்தில் உள்ள குறி விளக்கத்தைப் பாருங்கள். புல எண் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பது முக்கியம். மண்டலக் கோடு சில இடங்களில் ஒரே தோட்டத்தின் நடுவில் போகும். "ஏதோ பச்சையாகத்தான் தெரிந்தது" என்று திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன்.

வேளாண் மண்டலம் என்றால் பண்ணை வீடு, மாட்டுக்கொட்டகை மாதிரி விவசாயத்தோடு சேர்ந்தவைக்கு இடம் உண்டு. மனைப்பிரிவு போட வேண்டுமானால் முதலில் அந்தப் புல எண்ணின் மண்டலத்தையே மாற்ற வேண்டும். இதற்கு நில உபயோக மாற்றம் என்று பெயர். நாளிதழில் ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு, பிறகு அரசாணை, அரசிதழ் என்று அது போகும்.

காகிதம் காட்ட யாராவது தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாள். "எங்கள் ஊர் நிலங்களைப் பற்றிய விவரம் தேவை" என்று எழுதாதீர்கள். "இன்ன கிராமம், இன்ன புல எண், முழுமைத் திட்டத்தில் எந்த மண்டலம், மாற்றம் கேட்டு விண்ணப்பம் வந்துள்ளதா, வந்திருந்தால் நகல்" என்று கேளுங்கள்.

படி 5: ஏற்காட்டுக்காரர்களுக்கு

மலையில் நிலம் உள்ளவர்களுக்கு இன்னொரு அடுக்கு உண்டு. ஹாக்கா என்று எல்லோரும் சொல்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல் அமைக்கப்பட்டது. அதன் பட்டியலில் உள்ள கிராமத்தில் மனைப்பிரிவு, பெரிய கட்டடம் என்றால் வனம், கனிமம், வேளாண் பொறியியல் துறைகளின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். காப்பித் தோட்டத்து நிழல் மரத்தை எடுத்துவிட்டுச் சரிவை வெட்டினால் மண் எங்கே போய் நிற்கும் என்பதுதான் இதற்கெல்லாம் காரணம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள், யாரும் விளக்கவே வேண்டாம். உங்கள் கிராமம் பட்டியலில் உண்டா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மனை வந்துவிட்டதா? திறந்தவெளியைத் தேடுங்கள்

தோட்டம் போனது போனதுதான். ஆனால் முழுவதும் போக வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். அதற்குக் கீழே இந்த ஒதுக்கீடு கிடையாது. 10,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். பெரிய தோப்பை இரண்டு ஏக்கர் துண்டுகளாக்கித் தனித்தனி மனைப்பிரிவாகப் போடுவதைப் பார்த்தால் ஏன் என்று இப்போது புரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து ஏக்கர் என்பது சுமார் 20,230 சதுர மீட்டர். சாலைக்கு முப்பது சதவீதம் போனதாக வைத்துக்கொண்டால் மீதி 14,160. அதில் பத்தில் ஒரு பங்கு 1,416 சதுர மீட்டர், அதாவது 35 சென்ட். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடத் தாராளமான இடம்.

இடம் நேரில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் தெற்கு மனையில் "பூங்கா" என்று எழுதிய பலகை வெயிலில் வெளுத்து, பாதி எழுத்துதான் மிச்சம். அதன் கீழே செங்கல் அடுக்கியிருந்தார்கள். பதிவுத் துறை இணையதளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். ஊராட்சி பேருக்குத் தானப் பத்திரம் பதிவாகி இருந்தது. ஆவண எண்ணோடு மனு கொடுத்தேன். செங்கல் போக நான்கு மாதம் ஆனது, போனது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று பெங்களூரு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. மனுவில் அதையும் ஒரு வரி சேர்த்திருந்தேன்.

படி 7: ஆட்சேபணை எழுதுவது

எல்லாப் படியிலும் கனமானது இதுதான், நான் கோட்டை விட்டதும் இங்கேதான். வரைவு முழுமைத் திட்டம் வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் பகுதிக்கு அந்த அறிவிப்பு வந்தபோது மஞ்சள் அறுவடையில் இருந்தோம். ஒருவரும் பார்க்கவில்லை.

ஆட்சேபணையில் "விவசாயிகள் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று எழுதினால் கோப்பில் அதற்குப் பதில் எழுதுவது சுலபம். இப்படி எழுதுங்கள்:

"இன்ன கிராமம், புல எண் இன்னது, வரைவில் குடியிருப்பு மண்டலமாகக் காட்டப்பட்டுள்ளது. இதன் வடக்கெல்லையில் இன்ன புல எண்ணில் ஓடை புறம்போக்கு உள்ளது. இதைச் சுற்றி இத்தனை பாசனக் கிணறுகள் உள்ளன, மூன்று ஆண்டு அடங்கல் (பயிர்க் கணக்கு) நகல் இணைத்துள்ளேன். எனவே இந்தப் புல எண்ணை வேளாண் மண்டலமாகவே வைத்திருக்கக் கோருகிறேன். விசாரணை இருப்பின் எனக்கும் தகவல் தரவும்."

நோட்டில் எழுதிய புல எண்கள் இங்கேதான் வேலைக்கு வருகின்றன. விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மனுவில் ஐம்பது பேர் கையெழுத்து போடுவதைவிட, அவரவர் புல எண்ணோடு பத்து பேர் தனித்தனியாக அனுப்புவது நல்லது என்பது என் அனுபவம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரில் எல்லோரும் பச்சையைத்தான் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். மகள் கல்யாணத்துக்கு இரண்டு ஏக்கரை விற்க நினைப்பவருக்கு மஞ்சள்தான் வேண்டும், விலை அப்படி. அவரிடம் சண்டைக்குப் போவதில் பிரயோசனம் இல்லை. ஓடையும் ஏரியும் வண்டிப்பாதையும் பிழைக்க வேண்டும் என்பதில் அவருக்கும் மறுப்பு இருக்காது, அங்கிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.

படி 8: கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: ஆண்டுக்கு ஆறு கூட்டம். நிலப் பயன்பாட்டை மாற்றும் அதிகாரம் கிராம சபைக்கு இல்லை. ஆனால் பொது நிலங்களின் புல எண் பட்டியலைத் தீர்மானமாகப் பதிய வைத்தால் பின்னால் எந்த மனுவோடும் அதை இணைக்கலாம். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே பொருளை எழுதிக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வரும்போது, நீங்கள் கொடுத்த பட்டியல் உள்ளே எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துவிட்டுப் போடுங்கள். நாங்கள் வாசித்தோம், எங்கள் ஓடையின் புல எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக இருந்தது. அங்கேயே திருத்தி, செயலரிடம் சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டோம்.