காய்ச்சல், சளி வந்தா நாம பண்ற தப்புகள்

தெர்மாமீட்டர்ல 38 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே கிருமி உடம்ப கொதிக்க வைக்குதுன்னு பயந்துடுறோம், ஆனா சூட்ட ஏத்துறது நம்ம மூளை தான். கிருமிய பாத்த வெள்ளை அணுக்கள் சைட்டோகைன்னு ஒரு சிக்னல அனுப்பும், அது மூளைல இருக்கற ஹைப்போதலாமஸ்க்கு போனதும் அது உடம்போட வெப்ப அளவ மேல தூக்கி வெச்சிடும், அதனால தான் தொட்டா சுடுது ஆனா உள்ள குளிர் நடுக்குது. உடம்பு வலி தாங்கலன்னா பாராசிட்டமால் சரியான டோஸ்ல போடலாம், தப்பில்ல, ஆனா நம்பர இறக்கணும்னே மணிக்கொரு தடவ போடாதீங்க, டோஸ் கூடினா லிவர் கெட்டுப்போகும். குழந்தைங்களுக்கு டாக்டர் சொல்லாம ஆஸ்பிரின் குடுக்கவே கூடாது, ரேஸ் சின்ட்ரோம்னு மூளையையும் லிவரையும் தாக்குற நோய் வரலாம்.

அடுத்தது சளி பச்சையாச்சுன்னு ஆன்டிபயாடிக் தேடுறது. இது எனக்கு ரொம்பவே கவலையான விஷயம். நியூட்ரோஃபில்னு ஒரு வகை வெள்ளை அணு சண்டை போட்டு செத்து சளில கலக்கும், அதுக்குள்ள இருக்கற ஒரு என்சைம் பச்சை நிறம், அந்த கலர் தான் தெரியுது. வைரஸ் சளிலயும் பச்சை வரும், ஆன்டிபயாடிக் வைரஸ ஒண்ணும் பண்ணாது, சும்மா போட்டா மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தான் வளரும்.

அப்புறம் ஏன் மாத்திரை போட்டதும் சரியாச்சுன்னு கேப்பீங்க. புதுசா வர கிருமிக்கு ஏத்த டி செல், பி செல்னு சொல்ற வெள்ளை அணுக்கள் பெருகி, அந்த கிருமிய குறி வெச்சு பிடிக்கிற ஆன்டிபாடி வர கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும், நாம அஞ்சாவது நாள் மாத்திரை போடுறோம், ஏழாவது நாள் உடம்பு தானா தேறுது, பேர் மாத்திரைக்கு. கழுத்துல நெறி கட்டுறதும் இந்த செல்லுங்க அங்க பெருகுறதால தான், அத அமுக்கி உருவி விடாதீங்க.

இம்யூனிட்டி பூஸ்டர் பவுடருக்கெல்லாம் காச கொட்டாதீங்க. எதிர்ப்பு சக்தி கூட கூட நல்லதுன்னு கிடையாது, தேவையில்லாம பாயுற எதிர்ப்பு தான் அலர்ஜி, முடக்குவாதம் எல்லாம். தூக்கம், சத்தான சாப்பாடு, தடுப்பூசி, இது போதும், ஊசி போட்ட மறுநாள் லேசா காய்ச்சல் வந்தா பயப்பட வேணாம்.

ஆனா மூச்சு வாங்குறது, குழப்பமா பேசுறது, தண்ணி கூட இறங்காம சோர்ந்து கெடக்கறது, இதெல்லாம் இருந்தா உடம்பே பாத்துக்கும்னு உக்காந்திருக்காதீங்க. மூணு மாசத்துக்குள்ள இருக்கற பச்சக் கொழந்தைக்கு 38 டிகிரி வந்துட்டா, வேற எந்த அறிகுறியும் இல்லாட்டியும் உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க.