டர்பன் ஓவியக் கூடத்தில் நாம் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சிட்டி ஹாலுக்கு நம்மவர்கள் நிறையப் பேர் பிள்ளைகளோடு வருவார்கள். இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் எகிப்திய மம்மியையும் டோடோ எலும்புக்கூட்டையும் காட்டிவிட்டு அப்படியே நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்துக்குப் பஸ் பிடித்துவிடுவார்கள். அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஓவியக் கூடம் இருக்கிறது. உள்ளே போகக் காசு வேண்டாம். ஆனாலும் படி ஏறுவதில்லை.

"அதெல்லாம் நமக்கில்லை" என்பார் என் பாட்டி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பொது இடங்களில் நிறத்துக்கொரு வாசல் வைத்த 1953-ஆம் ஆண்டுச் சட்டம் 1990-இல்தான் நீங்கியது. சட்டம் போனாலும் கால் தயங்கத்தான் செய்கிறது.

சரி, ஏறிவிட்டோம். அப்புறம் நடப்பது ஓட்டம். பத்து நிமிடத்தில் எல்லா அறையும் முடிந்துவிடும். நானும் அப்படி ஓடியவள்தான், ஒரு பானை நிறுத்தும் வரை. ஜூலு மக்கள் பீர் பரிமாறும் உகாம்பா அது. மினுமினுவென்று கறுப்பு, தோளைச் சுற்றி அரிசி அரிசியாகப் புடைப்புகள். பாட்டி வீட்டுச் சட்டி நினைவில் கையை நீட்டிவிட்டேன்.

"சிஸ்டர், கை!" என்றார் காவலர்.

விரலின் வியர்வையும் எண்ணெயும் அந்த மெருகில் கறையாகத் தங்கிவிடும். அதைச் சொன்னதோடு அவர் நிறுத்தவில்லை. பானையை ஒரு தடவை சுட்டு, மறுபடி புகையில் கறுக்கவிட்டு, கொழுப்பு தடவித் தேய்ப்பார்களாம். புடைப்புக்குப் பெயர் அமாசும்பா, அதாவது மரு. நெஸ்டா நாலா இந்த மண்பாண்டக் கலையை உலகறியச் செய்தவர். பானையை மூடும் புல் தட்டுக்கு இம்பெங்கே என்று பெயர். பின்னாளில் அதையே கலர் கலரான டெலிபோன் வயரில் பின்னினார்கள். இரவுக் காவலாளிகள் பொழுதுபோக்கத் தொடங்கிய வேலை என்பார்கள். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு!

காவலரைக் கம்பம் மாதிரி கடந்துபோவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. ஜூலுவில் வணக்கம் என்று ஒரு "சவுபோனா" சொல்லிப் பாருங்கள். சுவரில் ஒட்டிய குறிப்பில் இல்லாததெல்லாம் வரும்.

போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் எங்கேயும் வேண்டாம். சக்கர நாற்காலியில் பெரியவர்கள் வருவதானால் லிஃப்ட் ஓடுகிறதா என்று முதல் நாளே போன் போட்டு விசாரித்துவிடுங்கள். கேப் டவுனில் பழைய தானியக் கிடங்கைக் குடைந்து 2017-இல் திறந்த சைட்ஸ் மோக்கா கலை அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். தெரியாமல் பிள்ளைகளைத் தோழி வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

கூட்டிப்போனாலும் "ஷ்ஷ்" என்று அதட்டிக்கொண்டே இருக்காதீர்கள். மெதுவாகப் பேசினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஒன்றின் முன்னால் உட்காரவையுங்கள். பென்சில்தான். பேனாவைக் கண்டால் அந்தக் காவலர் மறுபடி ஓடி வருவார்.