கொசஸ்தலை ஆற்றுக்கும் பங்கு வைப்போம்: வடசென்னை வீடுகளுக்கான தண்ணீர்ச் செய்முறை

தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் அடிபம்பின் முன் குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்தவர்களிடம், தண்ணீர் அருமையானது என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாம் செலவழிக்கும் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது, நாம் கழிக்கும் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் சேமிப்புக்குப் பொருள் உண்டாகும். இந்தச் செய்முறைக்கு ஒரு லிட்டர் பாட்டில், நோட்டுப் புத்தகம், சாக்பீஸ், சொட்டு நீலம் ஆகியவை போதும்.

முதல் படி: தண்ணீர் வரும் வழியை எழுதுங்கள்

மெட்ரோ வாட்டர் குழாய், போர் (ஆழ்துளைக் கிணறு), லாரி, கேன் என உங்கள் வீட்டுக்கு எத்தனை வழிகளில் தண்ணீர் வருகிறதோ அத்தனையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் தண்ணீர், கால்வாய் வழியாகச் சோழவரத்துக்கும் புழலுக்கும் வந்து, சுத்திகரிக்கப்பட்டு நகரத்துக்குள் நுழைகிறது. 1996 முதல் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் பூண்டியில்தான் சேர்கிறது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. லாரித் தண்ணீரோ, பெரும்பாலும் திருவள்ளூர் மாவட்டத்துக் கிணறுகளில், அதாவது அதே ஆற்றுப் படுகைகளின் அடியிலிருந்து உறிஞ்சப்பட்டு வருகிறது.

பூண்டிக்குக் கீழே எஞ்சிய கொசஸ்தலை எண்ணூரில் கடலை அடைகிறது. ஆற்றுநீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் பேசப்படுகிறது. அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் முகத்துவாரத்தில்தான் இறாலும் நண்டும் மடவை மீனும் வளர்கின்றன. இடுப்பளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களின் அன்றாட வருமானம் அந்தக் கலப்பை நம்பியே இருக்கிறது. கடலோர நிலத்தடியில் நன்னீரின் அழுத்தம் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறிவிடும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு: நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆண்டுக்கணக்கில் தண்ணீர் இறைத்ததால், மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்து, கிணறுகள் உப்புக் கரிக்கத் தொடங்கின. ஆகவே நாம் குறைத்துக்கொள்ளும் ஒவ்வொரு லாரியும் ஒவ்வொரு மணி நேர போர் ஓட்டமும் ஆற்றுப் படுகையில் மிஞ்சும் தண்ணீர்தான்.

இரண்டாம் படி: ஒரு வாரக் கணக்கு

வடசென்னை வீடுகள் பலவற்றில் தண்ணீருக்கு மீட்டர் இல்லாததால், அளவை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் குடத்தில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைப் பாட்டிலால் ஊற்றி ஒருமுறை அளந்துவிடுங்கள். பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றுபோல் தெரிந்தாலும் கொள்ளளவில் வேறுபடும். மாடியில் சின்டெக்ஸ் தொட்டி இருந்தால், மோட்டார் போட்டு ஒரு நாளில் எத்தனை முறை நிரப்புகிறீர்கள் என்று குறித்தால் போதும். வாரக் கடைசியில் மொத்தத்தை ஆட்களின் எண்ணிக்கையாலும் ஏழாலும் வகுங்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் வகுக்கும்போது ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொள்கிறார்கள். உங்கள் எண் அதைவிட மிகுதியாக இருந்தால், பழக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் ஒழுக்கைத் தேடுங்கள்.

மூன்றாம் படி: ஒழுக்கைப் பிடியுங்கள்

இரவு எல்லோரும் படுத்த பிறகு, சம்ப்பின் உட்சுவரில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் கோடிட்டு, மறுநாள் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் பாருங்கள். இரவில் குழாய்த் தண்ணீரும் வராமல், மோட்டாரும் ஓடாமல் மட்டம் இறங்கியிருந்தால், சம்ப்பில் வெடிப்பு இருக்கிறது என்று பொருள். தெருக் கழிவுநீர் உள்ளே கசியவும் அதே வெடிப்பே வழி என்பதால், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கழிவறையின் ஃபிளஷ் தொட்டியில் சில சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் காத்திருங்கள். கோப்பைக்குள் நீல நிறம் இறங்கியிருந்தால், தொட்டியின் அடியில் உள்ள ரப்பர் அடைப்பு தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லாமல் நாள் முழுவதும் ஓடும் இந்த ஒழுக்கு, கண்ணுக்குத் தெரியும் குழாய்ச் சொட்டைவிடப் பெரும்பாலும் அதிகமாக இருக்கும்.

சொட்டும் குழாயின் கீழே ஒரு டம்ளரைப் பத்து நிமிடம் வையுங்கள். அதில் 100 மில்லி சேர்ந்தால், ஒரு நாளில் 14 லிட்டருக்கு மேல், ஏறக்குறைய ஒரு குடம் போகிறது. பழைய பித்தளைக் குழாயானால் பிளம்பர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வால்வை மூடி, குழாயைத் திறந்து மீதித் தண்ணீரை வடித்து, தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றினால், தண்டின் நுனியில் கருப்பு வாஷர் தெரியும். அதில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தண்ணீர் ஒழுகியது அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான். அதே அளவில் புது வாஷரைப் பொருத்தி, இறுக்கி மூடுங்கள். கால் சுற்றில் மூடும் புதிய வகைக் குழாயானால் உள்ளே வாஷருக்குப் பதில் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி மாற்றுவது நல்லது.

நான்காம் படி: ஆர்ஓ இயந்திரம்

ஒரு லிட்டர் குடிநீர் வரும் நேரத்தில், கழிவுக் குழாயில் வரும் தண்ணீரையும் பிடித்து அளந்து பாருங்கள். பல வீடுகளில் அது இரண்டு மூன்று லிட்டராக இருக்கும். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து, தரை துடைக்கவும் கழிவறைக்கு ஊற்றவும் வைத்துக்கொள்ளுங்கள். செடிகளுக்கு ஊற்றுவதற்கு முன் உப்பைச் சோதிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆர்ஓ தேவையே இல்லை. கொதிக்க வைத்தோ, யூவி வடிகட்டியிலோ குடிக்கலாம். உப்பு போர்த் தண்ணீரை நம்பியிருக்கும் தெருக்களுக்கு இது பொருந்தாது.

ஐந்தாம் படி: மழைநீர்த் தொட்டியைத் திறந்து பாருங்கள்

இந்தச் செய்முறையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, மழைநீரை மண்ணுக்குள் இறக்க அமைத்த தொட்டிகள் பல, அதன்பின் திறக்கப்படவே இல்லை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் என்பதால், 50 சதுர மீட்டர் மாடியில் ஆண்டுக்கு 70,000 லிட்டர் விழுகிறது. தெறித்தும் ஆவியாகியும் போனது நீங்கலாக, அதில் பெரும்பகுதியை மண்ணுக்குள் இறக்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே மூடியைத் தூக்குங்கள். மேலே இலைச்சருகு, அதற்குக் கீழே இறுகிய வண்டல், அதற்கும் கீழே ஜல்லி என்று அடுக்கடுக்காக இருக்கும். அந்த வண்டல்தான் தண்ணீரை இறங்க விடாமல் தடுக்கிறது. அதைச் சுரண்டி எடுத்து, ஜல்லியையும் மணலையும் வெளியே கொட்டிக் கழுவி, பெரிய ஜல்லி அடியிலும் சின்ன ஜல்லி நடுவிலும் மணல் மேலேயும் வருமாறு திரும்ப நிரப்புங்கள். பிறகு நான்கைந்து குடம் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். ராயபுரம் போன்ற கடலோர மணல் நிலத்தில் விரைவாக இறங்கும். களிமண் உள்ள இடங்களில், தொட்டிக்கு நடுவில் மணல் அடுக்கை எட்டும் ஆழத்துக்குத் துளையிட்டுக் குழாய் இறக்க வேண்டியிருக்கும். பழைய வீட்டில் உறைகிணறு இருந்தால், வடிகட்டிய மழைநீரை அதிலேயே விடுங்கள், அதைத் தூர்த்துவிடாதீர்கள். பருவத்தின் முதல் மழையில் மாடி அழுக்கு கரைந்து வரும் என்பதால், அதை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். கழிவுநீர் இந்தத் தொட்டிக்குள் ஒருபோதும் நுழையக் கூடாது.

ஆறாம் படி: வடிகாலும் முகத்துவாரமும்

தெருவோர மழைநீர் வடிகாலில் விழுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை; ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் போன்றவற்றின் வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. அந்தக் கால்வாய் வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தோடு கலக்கிறது. பொரித்த எண்ணெய், பெயின்ட் கழுவிய தண்ணீர், பழைய என்ஜின் ஆயில் எதையும் அதில் ஊற்றாதீர்கள். எண்ணெய் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூரில் பார்த்தோம்: படகிலும் வலையிலும் அலையாத்தி மரங்களிலும் கருப்பாக ஒட்டிக்கொண்ட கழிவு, மீனவர்களைத் தொழிலுக்குப் போகவிடாமல் செய்தது.

ஆண்டுக்குச் சில முறையாவது எண்ணூர் முகத்துவாரத்துக்கு நேரில் போய், நீரின் நிறம், நாற்றம், மேலே மிதக்கும் படலம், கரையில் படிந்த சாம்பல் ஆகியவற்றைத் தேதி, நேரம், இடத்தோடு குறித்துப் படமெடுங்கள். அந்த நேரத்தில் கடல்நீர் ஏற்றமா வற்றமா என்பதையும் எழுதுங்கள். அங்குள்ள மீனவரிடம் கேட்டால் உடனே சொல்வார். வடிகாலில் குப்பை அடைத்திருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணிலும், கழிவுநீர் வழிந்தாலோ குடிநீர்க் குழாய் உடைந்தாலோ குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணிலும் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தொழிற்சாலைக் கழிவு என்று தோன்றினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வழக்கு அங்கே போகும் நாளில், தேதியிட்ட உங்கள் படங்களும் அந்த நகல்களும் ஆவணங்களாகும்.